ஒரே பிளாட்ஃபார்ம், இரண்டு பேட்ஜ்: சொகுசு செடான்களை ஒப்பிடும் முறை

லிங்கன் எல்எஸ் காரையும் ஜாகுவார் எஸ்-டைப் காரையும் அருகருகே நிறுத்தினால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று நேர்கோடுகளால் ஆன முகம், இன்னொன்று நான்கு வட்ட விளக்குகள் கொண்ட முகம். டேப் பிடித்து அளந்தால் இரண்டின் வீல்பேஸும் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,909 மி.மீ. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஃபோர்டின் டிஇடபிள்யூ98 பிளாட்ஃபார்ம். எல்எஸ் அமெரிக்காவின் விக்ஸம் ஆலையிலும், எஸ்-டைப் இங்கிலாந்தின் காசில் புரோமிச் ஆலையிலும் உருவாயின.

இப்படிப்பட்ட ஜோடியைப் பற்றி இரண்டு பேச்சுகள் எப்போதும் அடிபடும். "எல்லாம் ஒரே வண்டிதான், பேட்ஜுக்குத்தான் காசு" என்பது ஒன்று. "ஜாகுவார் ஜாகுவார்தான்" என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பி வண்டி வாங்கக் கூடாது. எது பொது, எது தனி என்பதை ஒவ்வொரு பாகமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு ஒரு நோட்டில் நீளவாக்கில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அதே பாகம், அதே உருவம் ஆனால் வேறு குணம், சம்பந்தமே இல்லாத பாகம். கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையின் முடிவும் இந்த மூன்றில் ஒன்றில் போய்ச் சேர வேண்டும்.

உறவு எவ்வளவு நெருக்கம்?

பிளாட்ஃபார்ம் என்பது பெரும்பாலும் தரைத்தளம், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு, சஸ்பென்ஷன் வந்து பூட்டும் இடங்கள் ஆகியவற்றின் தொகுப்பு. வீல்பேஸ் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டனின் வீல்பேஸ் 2,881 மி.மீ., அதன் நீள வடிவத்துக்கு 3,001, அதே குடும்பத்தில் 2005-ல் வந்த பென்ட்லி ஃபிளையிங் ஸ்பருக்கு 3,065. ஜெனிசிஸ் ஜி70-க்கு 2,835, அதன் உறவான கியா ஸ்டிங்கருக்கு 2,906. நடுத்தரையையும் பின்பக்கத்தையும் நீட்டுவது சுலபம். முன் அச்சுக்கும் பெடலுக்கும் உள்ள தூரத்தை மாற்றத்தான் பெரிய செலவு. அதனால் ஸ்டீயரிங்கை நேராக வைத்துவிட்டு, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து முன்கதவுத் திறப்பின் முன்விளிம்பு வரை இரண்டு வண்டியிலும் அளந்து பாருங்கள். அந்த அளவு நெருங்கி வந்தால் முன்பாதி பொது என்பதற்கு நல்ல அறிகுறி.

இங்கே பலரும் தவறான உறவினரோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். 2018-ல் வந்த லெக்சஸ் இஎஸ், டொயோட்டாவின் ஜிஏ-கே அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதே அடித்தளத்தில் கேம்ரியும் உண்டு, அவலானும் உண்டு. இஎஸ்ஸின் வீல்பேஸ் 2,870 மி.மீ. அந்தத் தலைமுறை அவலானுக்கும் அதே 2,870; கேம்ரிக்கு 2,825. பின்சீட்டில் கால் நீட்ட இடம் கூடுதலாக இருப்பதை லெக்சஸின் பெருமையாக எழுதாதீர்கள், அது அவலானிலும் கிடைக்கும். இஎஸ்ஸை அவலானோடு நிறுத்திப் பார்த்தால்தான் லெக்சஸ் தனியாகச் சேர்த்தது என்ன என்று தெரியும்.

பிளாட்ஃபார்மே பொதுவாக இல்லாமல் சில பாகங்கள் மட்டும் கடன் வாங்கிய வண்டிகளும் உண்டு. 2005 மாடல் கிரைஸ்லர் 300 "மெர்சிடிஸ் இ-கிளாஸ்தான்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 300-ன் வீல்பேஸ் 3,048 மி.மீ., அந்தக் காலத்து இ-கிளாஸுக்கு (டபிள்யூ211) 2,854. பின் சஸ்பென்ஷனின் வடிவமைப்பும் 5-ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் மெர்சிடிஸிலிருந்து வந்தவை, உடல் வேறு. அந்தக் கியர்பாக்ஸின் பக்கத்தில் செருகும், 13 முனைகள் கொண்ட கனெக்டரின் ரப்பர் வளையம் தளர்ந்தால், ஆயில் வயர் வழியாகவே ஏறி கண்ட்ரோல் யூனிட் வரை போகும். மெர்சிடிஸ்காரர்கள் நெடுநாளாக அறிந்த இந்தக் கோளாறை 300 பார்க்கும்போதும் தேட வேண்டும். கனெக்டரைக் கழற்றி, உள்ளே விரல் வைத்தால் ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் கனெக்டர் உறையை மட்டும் மாற்றி நிறுத்தாமல், யூனிட்டின் பிளக்கையும் திறந்து துடைக்க வேண்டும்.

வருடக் கோட்டைத் தாண்டி ஒப்பிடாதீர்கள்

எஸ்-டைப்பில் 2002-ல் நடந்த மாற்றம் முகத்தை மட்டும் மாற்றும் சாதாரண ஃபேஸ்லிஃப்ட் அல்ல. டேஷ்போர்டு புதிது, முன் சஸ்பென்ஷன் திருத்தப்பட்டது, 4.0 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் போய் 4.2 வந்தது, 5-ஸ்பீடு ஆட்டோமேட்டிக் போய் இசட்எஃப் 6எச்பி26 என்ற 6-ஸ்பீடு வந்தது. எல்எஸ்ஸில் 2003 மாடலில் வி8-ன் திறன் 252 குதிரைத்திறனிலிருந்து 280 ஆனது, ஆனால் 5-ஸ்பீடு கியர்பாக்ஸ் 2006-ல் உற்பத்தி நிற்கும்வரை தொடர்ந்தது. 2000 எல்எஸ்ஸை 2004 எஸ்-டைப்போடு ஓட்டிப் பார்த்து பிராண்டின் தரத்தைப் பேசினால், பேசுவது நான்கு வருட வளர்ச்சியைப் பற்றித்தான். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, மாற்றத்துக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுங்கள்.

பார்ட் நம்பரைப் படியுங்கள்

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். பாகத்தின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணே அதன் பிறப்பைச் சொல்லிவிடும்.

ஃபோக்ஸ்வாகன் குழும எண்ணில் முதல் மூன்று எழுத்துகள், அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்று சொல்லும். 3டி0 என்றால் ஃபேட்டன், 3டபிள்யூ0 என்றால் அந்தக் காலத்து பென்ட்லி கான்டினென்டல் குடும்பம், 4இ0 என்றால் 2002 தலைமுறை ஆடி ஏ8. அடுத்த மூன்று இலக்கங்கள் பாகம் எந்த வகை என்பதற்கு. அதில் முதல் இலக்கம் 1 என்றால் எஞ்சின், 3 கியர்பாக்ஸ், 4 முன் அச்சு, 5 பின் அச்சு, 6 சக்கரமும் பிரேக்கும், 8 பாடி, 9 மின்சாரம். கடைசியில் வரும் ஆங்கில எழுத்து திருத்தத்தைக் குறிக்கும். ஃபிளையிங் ஸ்பரின் அடியில் படுத்துப் பார்க்கும்போது 3டி0 என்று தொடங்கும் பாகம் கண்ணில் பட்டால், அதே பாகத்தை ஃபேட்டன் கேட்டலாகில் தேடலாம். 3டபிள்யூ0 என்றிருந்தால் அது பென்ட்லிக்கென்றே வரைந்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதை வைத்து ஃபேட்டன் பாகத்தை வாங்கி மாட்டாதீர்கள்.

ஃபோர்டு எண் மூன்று துண்டாக இருக்கும். முன்துண்டு ஆண்டையும் வண்டியையும் சொல்லும்: எக்ஸ்டபிள்யூ4 என்று தொடங்கினால் 1999-ல் எல்எஸ்ஸுக்காக வரைந்தது, எக்ஸ்ஆர்8 என்றால் அதே ஆண்டு எஸ்-டைப்புக்காக வரைந்தது. நடுத்துண்டு என்ன பாகம் என்று சொல்லும்: 1125 முன் பிரேக் டிஸ்க், 12029 இக்னிஷன் காயில், 18124 முன் ஷாக் அப்சார்பர். இரண்டு வண்டியின் கேட்டலாகிலும் நடுத்துண்டை வைத்துத் தேடி, முன்துண்டையும் பின்துண்டையும் ஒப்பிடுங்கள். டொயோட்டா எண்ணில் முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் வகை: 48510 முன் வலது ஷாக், 43512 முன் டிஸ்க், 04465 முன் பிரேக் பேட். பின் ஐந்தும் ஒத்துப்போனால்தான் இஎஸ்ஸுக்கும் அவலானுக்கும் பாகம் ஒன்று.

எல்லாப் பாகத்தையும் தேட நேரம் போதாது. பிரேக் டிஸ்க், ஷாக், லோயர் ஆர்ம், வீல் பேரிங், காயில், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், ஹெட்லைட் ஆகிய எட்டைப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். முதல் ஐந்தில் நான்கு பொது என்றால் தேய்மானச் செலவு உறவினரின் அளவுக்கு இறங்கும். ஹெட்லைட் பொதுவாக இருப்பது அரிது. அதையும் பம்பரையும் எப்போதும் விலை கூடிய பேட்ஜின் கணக்கிலேயே வையுங்கள்.

உருவம் ஒன்று, குணம் வேறு

நோட்டில் ஏமாற்றுவது அந்த இரண்டாவது பத்திதான். ஷாக் அப்சார்பர் ஒரே இடத்தில், ஒரே போல்ட்டில் உட்காரும். உள்ளே வால்வு வேறு. ஸ்பிரிங்கின் உயரம் ஒன்று, கடினம் வேறு. ரப்பர் புஷ்ஷும் அப்படித்தான். எல்எஸ்ஸின் 3.9 வி8 ஜாகுவாரின் ஏஜே-வி8 குடும்பத்தைச் சேர்ந்தது, 4.0 எஞ்சினோடு சிலிண்டர் விட்டம் ஒன்றே, 86 மி.மீ. ஸ்ட்ரோக்கில்தான் (பிஸ்டன் நகரும் தூரம்) ஒரே ஒரு மி.மீ. வித்தியாசம்: 3.9-ல் 85, 4.0-ல் 86. அந்த ஒரு மி.மீ. போதும், கிராங்க்ஷாஃப்ட் மாறிவிடும். ஃபேட்டனிலும் ஃபிளையிங் ஸ்பரிலும் 6.0 லிட்டர், 12 சிலிண்டர் டபிள்யூ12 எஞ்சின் இருக்கிறது. ஃபேட்டனில் டர்போ கிடையாது, பென்ட்லியில் இரட்டை டர்போ. எஞ்சின் அறையின் சூடும், அந்தச் சூட்டில் ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும் வேகமும், அங்கே கை நுழைய இருக்கும் இடமும் அதனால் வேறாகின்றன. பென்ட்லியில் பல வேலைகளுக்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். "ஃபேட்டன் செலவுதான் ஆகும்" என்று பென்ட்லி வாங்குவது பெரிய தப்பு.

வீல் மாற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். எல்எஸ், எஸ்-டைப் இரண்டிலும் போல்ட் அமைப்பு 5×108, நடுத்துளை 63.4 மி.மீ. மாட்டும்போது உட்கார்ந்துவிடும். ஆஃப்செட் (வீல் உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் அளவு) ஒத்துப்போகிறதா, பிரேக் காலிப்பரில் உரசுகிறதா என்று கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே தரையில் இறக்குங்கள்.

ஓட்டி ஒப்பிடுவது

டயர் ஒத்திருக்காவிட்டால் ஓட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை. பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஒன்றில் 16 அங்குலப் புது டயர், இன்னொன்றில் 18 அங்குலப் பழைய டயர் என்றால் நீங்கள் உணர்வது டயரை மட்டுமே. காற்றைக் குளிர்ந்த நிலையில், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரின் மேல் எழுதியிருப்பது உச்ச வரம்பு.

முதல் வண்டி, இரண்டாவது வண்டி, மறுபடி முதல் வண்டி என்ற வரிசையில் ஒரே சாலையில் ஓட்டுங்கள். மறுபடி ஏறும்போதுதான் முதல் தடவை கவனிக்காதது பிடிபடும். 30 கி.மீ. வேகத்தில் உடைந்த சாலை, 80-ல் சீரான சாலை, பிறகு நின்ற இடத்தில் ஏசியோடு ஐடிலிங் என்று மூன்று நிலை போதும். 30-ல் கேட்பது புஷ்ஷும் பால் ஜாயின்டும், 80-ல் கேட்பது டயரும் கதவு ரப்பரும், நின்றால் தெரிவது எஞ்சின் மவுண்ட். சொகுசு பேட்ஜ் கூடுதலாகச் செலவழிக்கும் இடங்களில் முக்கியமானவை கண்ணாடித் தடிமனும் ஒலி அடக்கும் பஞ்சும். இவை ஸ்பெக் தாளில் வராது, காதுக்குத்தான் தெரியும்.

பொதுக் கோளாறுகளைத் தேடுங்கள்

குடும்பத்தில் ஒருவருக்கு உள்ள நோய் மற்றவருக்கும் வரும். இரண்டு வண்டிக்குமான ரீகால் (பழுது சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைக்கும்) அறிவிப்புகளையும் சர்வீஸ் புத்தகங்களையும் சேர்த்துப் படியுங்கள். அட்டவணை வேறுபட்டால் குறைந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜே-வி8-ல் வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து, ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கும். காயிலை இழுத்தால் அதன் ரப்பர் முனை கருத்து, ஊறிப்போய் வரும். காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் அதே ஆயிலில் ஊறிச் சாகும். கேஸ்கெட்டையும் குழி சீல்களையும் மாற்றி, குழியைத் துடைத்து உலர்த்திய பிறகே காயில் போட வேண்டும். கவர் திறந்திருக்கும்போதே டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள். ஆரம்பகால எஞ்சின்களில் அது பிளாஸ்டிக் உடல், விரிசல் விடும். எல்எஸ்ஸில் கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் உறை ஆகிய பிளாஸ்டிக்குகளைக் குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் டெஸ்டர் வைத்துச் சோதியுங்கள். அதன் ரேடியேட்டர் ஃபேனைச் சுழற்றுவது ஹைட்ராலிக் ஆயில் என்பதால், அந்த ஆயில் அளவையும் பார்க்க வேண்டும்.

6எச்பி26 கியர்பாக்ஸை எஸ்-டைப்போடு நிறுத்தாமல் பல பிராண்டுகள் பயன்படுத்தின. ஆயில் மாற்றவே தேவையில்லை என்று சில கார் கையேடுகள் சொன்னாலும், கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. எஸ்-டைப்பில் பிளாஸ்டிக் ஆயில் பேனுக்குள்ளேயே ஃபில்டர் இருப்பதால் பேனை முழுதாக மாற்ற வேண்டும். வயர் நுழையும் இடத்து சீல் ஸ்லீவையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அளவு பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, ஆயில் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கையில். சூடேறிய பிறகு பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்துபோய், குளிர்ந்ததும் குறைவாக நிற்கும். கியர் இழுக்காமல் நழுவும்.

ஃபேட்டன், ஃபிளையிங் ஸ்பர் இரண்டிலும் ஏர் சஸ்பென்ஷன். மாலையில் நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி, மறுநாள் காலை கதவைத் திறக்குமுன் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே கசிவு. அதை விட்டுவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். இவற்றின் டிக்கியில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். எரர் கோடு படிப்பதற்கு முன் இரண்டையும் லோடு டெஸ்டரில் வைத்துப் பாருங்கள். பேட்டரி பலவீனமானால் சம்பந்தமில்லாத யூனிட்டுகள் எல்லாம் கோடு எழுதி வைத்திருக்கும். பேட்டரியைச் சரிசெய்து, கோடுகளை அழித்து, ஒரு நாள் ஓட்டிய பிறகு மிஞ்சியிருப்பவற்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.