ஹைப்ரிட் ஆப்பில் மேப் தெரியவில்லையா?

வெப் கோடை மொபைல் ஆப்பாக்க உதவும் கெப்பாசிட்டரின் கூகுள் மேப்ஸ் பிளகினைச் சேர்த்து, ஏபிஐ கீயையும் (கூகுள் சேவையைப் பயன்படுத்துவதற்கான அனுமதிக் குறியீடு) சரியாகக் கொடுத்த பிறகும் ஆண்ட்ராய்டில் வெற்றுத் திரைதான் வருகிறதா? கீயைச் சந்தேகிக்கும் முன், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அந்த நேட்டிவ் மேப், ஆப்பின் வெப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவுக்குள் இல்லை, அதற்கு அடியில் வரையப்படுகிறது. மேலே ஏதாவது ஓர் எலிமென்ட்டுக்குப் பின்னணி நிறம் இருந்தாலே மேப் மறைந்துவிடும். ஹெச்டிஎம்எல், பாடி தொடங்கி, அயானிக் (ஆப் திரைகளை அமைக்க உதவும் ஃப்ரேம்வொர்க்) பயன்படுத்தினால் அதன் அயான்-கன்டென்ட் வரை எல்லாவற்றின் பின்னணியையும் டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள். இதை மேப் உள்ள பக்கத்துக்கு மட்டும் ஒரு கிளாஸ் வைத்துச் செய்வதே என் விருப்பம். மற்ற பக்கங்களின் தோற்றம் கெடாது.

மேப் எலிமென்ட்டுக்கு அகலம், உயரம் இரண்டையும் நீங்களே கொடுக்க வேண்டும். பக்கத்தை விட்டு வெளியேறும்போது மேப்பை நீக்கும் டெஸ்ட்ராய் மெத்தடை அழைத்துவிடுங்கள். ஒரே ஒரு முகவரியைக் காட்டத்தான் மேப் என்றால், இத்தனை பாடு தேவையில்லை, ஸ்டாட்டிக் படமே போதும்.