மொழியாசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்கு: செட்டிநாட்டில் நடத்துவோருக்குச் சில வழிமுறைகள்

புரியும்படி கேட்பதாலும் படிப்பதாலுமே மொழி உள்ளே இறங்குகிறது, இலக்கண விதிகளை ஒப்பிப்பதால் அன்று என்னும் கருத்தை அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1982இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். இதனை இங்கே ‘புரியும் உள்ளீடு’ என்று குறிப்பிடுவோம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளில் ஆங்கிலமோ இந்தியோ கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இம்முறையை அறிமுகப்படுத்த மே மாதத்தில் ஐந்து நாள் பயிலரங்கு நடத்த எண்ணுவோர் முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். விரிவுரைக்கு முதல் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பதே அம்முடிவு. புரியும் உள்ளீட்டைப் பற்றிப் புரியாத சொற்களில் மூன்று மணி நேரம் பேசும் பயிலரங்குகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

இடம் பார்ப்பதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். வளவு வீடு, அதாவது நடுவில் முற்றம் கொண்ட பெரிய செட்டிநாட்டு வீடு, கிடைத்தால் நல்லதுதான். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் வெளிச்சமும் காற்றும் இருக்கும், சிறு குழுக்களைத் திண்ணையில் உட்கார வைக்கலாம். ஆனால் அத்தகைய வீடு பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானது என்பதால், சாவி வைத்திருப்பவர் சரி என்றால் மட்டும் போதாது. மற்றவர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முகூர்த்த நாள்களையும் குன்றக்குடி வைகாசி விசாகத்தையும் ஒட்டித் தேதி வைத்தால் வீடும் கிடைக்காது, ஆசிரியர்களும் வரமாட்டார்கள். கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்கு மேல் யாருக்கும் எதுவும் ஏறாது என்பதால், காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரையும் மாலை நான்கு முதல் ஐந்தரை வரையும் அமர்வுகளை வைத்துக்கொள்வது பொருத்தம்.

முதல் நாள் காலையில் ஆசிரியர்களை அவர்கள் அறியாத ஒரு மொழிக்கு மாணவர்களாக்க வேண்டும். பயிலரங்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது. செட்டிநாட்டில் இதற்கு வெளியூரிலிருந்து ஆள் அழைக்க வேண்டியதில்லை. மலேயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன குடும்பங்களில் மலாய் பேசத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஓர் ஆச்சியைக் கேட்டுக்கொண்டு, முந்தின நாளே அவருடன் உட்கார்ந்து நான்கைந்து சொற்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்: ‘அம்பில்’ என்றால் எடு, ‘பெரி’ என்றால் கொடு, ‘மங்குக்’ என்றால் கிண்ணம், ‘பெசார்’ பெரியது, ‘கெச்சில்’ சிறியது. அவரிடம், “ஆச்சி, பாடம் முடியும்வரை தமிழே பேசாதீங்க, மெதுவாச் சொல்லுங்க, கையால காட்டுங்க, அவுகளைப் பேசச் சொல்லாதீங்க” என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பாடம் நடக்கும் விதம் இதுதான். வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த கிண்ணங்கள் பெரிதும் சிறிதுமாக மேசைமேல் இருக்கும். ஆச்சி ‘அம்பில் மங்குக் பெசார்’ என்று சொல்லிப் பெரிய கிண்ணத்தைத் தாமே எடுத்துக் காட்டுவார், பிறகு ஓர் ஆசிரியரைப் பார்த்து அதையே சொல்வார், அவர் எடுப்பார். அடுத்து ‘கெச்சில்’ வரும்போது ஒருவர் கை பெரிய கிண்ணத்தின்மேல் தயங்கி நின்று சிறியதற்கு நகரும். அந்தத் தயக்கம் முடிந்து கை நகர்வதைப் பயிற்றுநர் எல்லோருக்கும் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு சொல் புரிந்துவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இருபது நிமிடத்தில் அத்தனை பேருக்கும் அந்தச் சொற்கள் பழகிவிடும், யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பிறகு தமிழுக்குத் திரும்பி, எது உதவியது, எங்கே தொலைந்துபோனீர்கள், பேசச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். கோட்பாட்டுக்கான அந்த ஒரு மணி நேரத்தை இதன் பின்னர் வைத்தால், மேடையிலிருந்து சொல்ல வேண்டியவற்றில் பாதியை ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நுட்பங்களுக்கு உரியவை. ஒரு பாடத்துக்கு மூன்று புதிய தொடர்களுக்கு மேல் வேண்டாம்; அவற்றைத் தமிழ்ப் பொருளோடு கரும்பலகையில் எழுதிவிட்டு, சொல்லும்போதெல்லாம் சுட்டிக்காட்டி நிறுத்திப் பேச வேண்டும். ‘வள்ளிக்கு ஒரு பெரிய கொட்டான் (ஓலைக்கூடை) வேண்டும்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னால், வேண்டுமா வேண்டாமா, வள்ளிக்கா முருகனுக்கா, கொட்டானா பெட்டியா, யாருக்கு, எது என்று கேள்விகளைச் சுழற்றிக்கொண்டே போகலாம். குழந்தை ஒரே சொல்லில் பதில் சொன்னால் போதும். முழு வாக்கியத்தை ஆசிரியரே திருப்பிச் சொல்லிவிடுவதால், திருத்தம் என்று தனியாக ஒன்று தேவைப்படாது. ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை மட்டும் ஐந்து நாளும் தடைசெய்துவிடுவது நல்லது, ஏனெனில் நம் வகுப்புகளில் அதற்கு ‘புரிந்தது’ என்பதைத் தவிர வேறு விடை வந்ததில்லை. மாறாக, கடைசி வரிசைக் குழந்தையிடம் சொன்னதைத் தமிழில் சொல்லச் சொல்லலாம்.

படிப்பதற்கான பகுதியைத் தயாரிக்கும்போது ஓர் அளவுகோல் உதவும். துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, ஒரு பகுதியிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் முதலிய சொல்வள ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதாவது ஐம்பது சொற்களில் ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடநூலிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, தம் மாணவருக்குத் தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு எண்ணிப் பார்க்கட்டும். அதன்பின் அந்தப் பக்கத்தையே எளிய கதையாக மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். தேர்வுக்கு என்ன செய்வது, பாடத்தை முடிக்க வேண்டாமா என்று கட்டாயம் எழும் கேள்விக்கும் ஓரளவு விடை இங்கேயே கிடைத்துவிடும். பாடநூல் கையைவிட்டுப் போகவில்லை என்பது தெரிந்தால்தான் அவர்கள் ஜூன் மாதத்தில் இதைத் தொடுவார்கள்.

நான்காம், ஐந்தாம் நாள்களின் மாலையில் அந்தத் தெருவில் வசிக்கும் குழந்தைகள் பத்துப் பதினைந்து பேரை அழைத்து, ஒவ்வோர் ஆசிரியரும் பதினைந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பார்ப்பவர்கள் ஆளுக்கு ஒரு குழந்தையை மட்டும் கவனித்து, அது எப்போது நிமிர்ந்து பார்த்தது, எப்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்தது, எப்போது முற்றத்துக் குருவியைப் பார்க்கத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாடம் முடிந்ததும் நடத்தியவர் முதலில் பேசுவார். மற்றவர்கள் குழந்தை என்ன செய்தது என்பதை மட்டும் சொல்வார்கள். ஆசிரியரின் உச்சரிப்பைப் பற்றியோ கையெழுத்தைப் பற்றியோ யாரும் வாய் திறக்கக் கூடாது. மூத்த ஆசிரியர்கள் பிறர் முன்னிலையில் பாடம் நடத்தத் தயங்குவது இயல்பு. அவர்களை முதலில் அழைக்காமல், பயிற்றுநர் தாமே ஒரு பாடம் நடத்தித் தம்மைப் பற்றிக் குறை சொல்ல விட்டால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மறுப்புகளை மறைக்க வேண்டியதில்லை. கேட்பது மட்டும் போதாது, பேசவும் எழுதவும் முயலும்போதுதான் சில குறைகள் கற்பவருக்கே தெரியவருகின்றன என்று கனடாவின் மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985 முதல் வாதிட்டு வந்தார். பிரெஞ்சு வழியில் படித்த மாணவர்களைக் கண்டு அவர் எழுதியது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நமக்கு அருகிலேயே, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் இலக்கணத்தைத் தனியே கற்பிக்காமல் பொருளுள்ள பணிகளின் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். பெரிய வகுப்புக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பவர்களுக்குக் கிராஷனைவிடப் பிரபுவை எடுத்துக்காட்டுவது பயன் தரும்.

ஐந்தாம் நாள் கலைவதற்குள், ஜூன் மாதத்தில் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தை எந்த மூன்று தொடர்களோடு நடத்துவது என்பதை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி, பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பாடம் எப்படிப் போயிற்று என்று விசாரிப்பார்.