கீறலே இல்லாத நான்ஸ்டிக் வாணலியில் முட்டை ஒட்டினால்

பூச்சு உரியவில்லை, கீறலும் இல்லை. ஆனாலும் நான்ஸ்டிக் வாணலியில் முட்டை ஒட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெயைக் கூட்டினேன், தீயைக் குறைத்தேன், சோப்பை மாற்றினேன். பலனில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. கழுவிக் காயவைத்த பிறகும் ஓரத்தை விரலால் தடவினால் லேசான பிசுக்கு. வெளிச்சத்தில் சாய்த்தால் மஞ்சள் படலம். நான் அடித்துவந்த ஸ்ப்ரே எண்ணெயில் சேர்க்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் இறுகிப் படிந்தது அது. சாதாரண சோப்புக்கு அசையாது.

தண்ணீர் ஊற்றி, 2 ஸ்பூன் சமையல் சோடா போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆறியதும் மென்மையான ஸ்பாஞ்சால் தேய்க்க, படலம் கழன்று வந்தது. கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது சில துளி எண்ணெயிலேயே முட்டை வழுக்கிக்கொண்டு வருகிறது. பெரிய நிம்மதி! ஸ்ப்ரேயை விட்டுவிட்டேன். வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைப்பதும் இல்லை. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டெஃப்லான் பூச்சு சிதையத் தொடங்கும்.