டிரைவர் பிழைத்திருத்தத்தை மதிப்பாய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களுக்கு வரும் பிழைத்திருத்த பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, நான் சில ஆண்டுகளாக மதிப்பாய்வு செய்து வருகிறேன். அண்மையில் எங்கள் குழுவில் சேர்ந்த இருவரின் ரிவ்யூ குறிப்புகளைப் படித்தபோது, தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் கண்டேன். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைச் செக்பேட்ச் கருவியே பிடித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுந்த வரியை மட்டும் பார்ப்பது

பிசிஐ என்னும் இணைப்புத் தடத்தில் உள்ள ஒரு சாதனத்தின் டிரைவரை நீக்கும்போது, அதன் இன்டரப்ட் ஹேண்ட்லர் (சாதனம் கவனம் கேட்டு அனுப்பும் இன்டரப்ட் சிக்னலைக் கையாளும் செயற்கூறு) எந்த நினைவகத்தையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைத் தொட்டுக் கெர்னல் விழுவதாகப் புகார் வந்தது. திருத்தம் இரண்டே வரிகள்: பஃபர் என்னும் தற்காலிகத் தரவு நினைவகத்தின் சுட்டி வெறுமையாக இருந்தால், இந்த இன்டரப்ட் என்னுடையதன்று என்று சொல்லி ஹேண்ட்லர் திரும்பிவிட வேண்டும். மாறிய வரிகளை மட்டும் படித்துவிட்டு நான் ஒப்புதல் அளித்தேன். அந்த ஒப்புதலை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் படிக்காமல் விட்டது, அந்த பேட்ச் தொடவே தொடாத, டிரைவரை நீக்கும்போது ஓடும் ரிமூவ் செயற்கூறு. டிரைவர் தன் இன்டரப்ட்டை, வளங்களைக் கெர்னலே பின்னர் விடுவித்துக்கொள்ளும் டெவ்எம் வகை அழைப்பால் பதிந்திருந்தது. 2007-இல் 2.6.21 பதிப்பில் வந்த இந்த வசதி, சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ப்ரோப் செயற்கூறில் பெற்ற வளங்களை, ரிமூவ் முடிந்து திரும்பிய பிறகுதான், பெற்ற வரிசைக்கு எதிர் வரிசையில் விடுவிக்கும். பஃபரையோ டிரைவர் ரிமூவுக்குள்ளேயே தன் கையால் விடுவித்துக்கொண்டிருந்தது. ஆகவே பஃபர் போன பிறகும் ஹேண்ட்லர் பதிவிலேயே இருந்தது. சாதனத்தின் இன்டரப்ட்டையும் யாரும் அணைக்கவில்லை.

சுட்டியைச் சோதிக்கும் வரி இந்த வரிசைக் கோளாற்றை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. ஒரு சிபியுவில் ஹேண்ட்லர் சோதனையைத் தாண்டிய மறுகணமே மற்றொரு சிபியுவில் ரிமூவ் பஃபரை விடுவிக்கலாம். அப்போது ஹேண்ட்லர் எழுதுவது வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்ட நினைவகத்தில். முன்பு உடனே விழுந்து இடத்தைக் காட்டிய பிழை, இப்போது எங்கோ தொடர்பில்லாத இடத்தில் வெளிப்படும் பிழையாக மாறிவிட்டது.

அதைவிட மோசமானது அடுத்த விளைவு. அந்தச் சாதனம் சாதனமே இறக்கும் வரை சிக்னல் நீடிக்கும் பழைய வகை லெவல் இன்டரப்ட்டை வேறொரு நெட்வொர்க் கார்டுடன் பகிர்ந்திருந்தது. டிரைவர் போன பிறகும் சாதனம் சிக்னலை இறக்கவில்லை; நெட்வொர்க் டிரைவர் ஒவ்வொரு முறையும் தனதன்று என்றது. 1,00,000 இன்டரப்ட்களில் 99,900-க்கு மேல் யாரும் பொறுப்பேற்காவிட்டால் கெர்னல் அந்த இன்டரப்ட்டையே முடக்கிவிடும். அப்படித்தான் எந்தத் தவறும் செய்யாத நெட்வொர்க் கார்டு நின்றது. அந்தக் கோளாற்றைத் தேடியவர்கள் பல நாட்கள் நெட்வொர்க் டிரைவரையே துருவிக்கொண்டிருந்தார்கள், என் ஒப்புதல் வேறொரு கோப்பில் இருந்ததால்.

சரியான திருத்தம் ரிமூவில்தான் இருந்தது. முதலில் சாதனத்தின் இன்டரப்ட்டை அணைக்க வேண்டும்; பிசிஐயில் எழுதிய மதிப்பு வழியில் தங்கி நிற்கக்கூடும் என்பதால், அதே சாதனத்திலிருந்து ஒரு ரிஜிஸ்டரை (சாதனத்துக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) திரும்பப் படித்து அது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். பிறகு டெவ்எம் வகையின் விடுவிப்பு அழைப்பாலேயே இன்டரப்ட்டை விடுவிக்க வேண்டும்; சாதாரண அழைப்பால் விடுவித்தால், பின்னால் டெவ்எம் மீண்டும் விடுவிக்க முயன்று எச்சரிக்கை வரும். அந்த அழைப்பு, வேறு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை காத்திருக்கும். அதன் பின்னரே பஃபரைத் தொடலாம்.

இப்போதெல்லாம் சுட்டியைச் சோதிக்கும் வரியைச் சேர்க்கும் எந்த பேட்சிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தச் சுட்டியை வெறுமையாக்கியது யார், எந்தக் கணத்தில் என்பதே. பேட்சை எழுதியவரிடம் இதற்கு விடை இல்லையென்றால் பிழையின் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பகிரப்பட்ட இன்டரப்ட்டை விடுவிக்கும் தறுவாயில் பொய்யாக ஒருமுறை ஹேண்ட்லரை அழைத்துப் பார்க்கும் சோதனை வசதி கெர்னலிலேயே இருக்கிறது. அதையும், விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைக் காட்டிக்கொடுக்கும் காசானையும் இயக்கி, டிரைவரைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாமதத்தைத் தீர்வாக ஏற்பது

சில மில்லிசெகண்டுகள் காத்திருக்கும் வரியைச் சேர்த்துப் பிழையைத் தீர்ப்பதாகச் சொல்லும் பேட்சை, சாதனத்தின் தொழில்நுட்பக் கையேடான டேட்டாஷீட்டில் எந்தப் பத்தி அந்த மில்லிசெகண்டுகளைக் கேட்கிறது என்று பேட்சில் எழுதப்படாதவரை ஏற்காதீர்கள்.

ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி உறங்குவது

ஸ்பின்லாக் என்பது, விடுபடும் வரை மற்ற சிபியு சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு; அதைப் பிடித்திருக்கும்போது, உறங்கக்கூடிய, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடிய, எந்த அழைப்பும் கூடாது. உறங்கக்கூடிய நினைவக ஒதுக்கீடும் இதில் அடங்கும்.

தோல்விப் பாதையைப் படிக்காமல் விடுவது

ப்ரோபின் நடுவில் ஒரு படி சேர்ந்தால், அதற்குப் பின்வரும் ஒவ்வொரு தோல்வியும் அந்தப் படியையும் திரும்பக் கலைக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஃபிக்ஸஸ் வரியைச் சரிபார்க்காமல் விடுவது

பேட்சின் விளக்கத்தில் வரும் ஃபிக்ஸஸ் வரி, பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (கிட் கருவியில் பதிவான ஒரு மாற்றம்) அடையாளக் குறியீட்டின் முதல் 12 எழுத்துகளையாவது சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது என்று சொல்லும் கிட் பிளேம் கட்டளை காட்டும் கமிட்டைப் பலர் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் நிரல்வரிகளை ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திய கமிட்டாகவோ, பெயர் மாற்றிய கமிட்டாகவோ இருக்கும். எந்தப் பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் தேவை என்பதை வெளியான பதிப்புகளைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டேபிள் பராமரிப்பாளர்கள் இந்த வரியைக் கொண்டே முடிவுசெய்வதால், கமிட் தவறாக இருந்தால், உண்மையில் பிழை இருக்கும் பழைய பதிப்புகள் திருத்தமின்றியே தொடர்ந்து ஓடும்.