பயாலஜில பசங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

பெங்களூர் அல்சூர்ல பத்தாவது, பதினொன்னாவது பசங்களுக்கு சாயங்காலம் பயாலஜி டியூஷன் எடுக்குறேன். ஸ்கூல்ல இங்கிலீஷ், ரோட்ல கன்னடம், வீட்ல தமிழ்னு வளர்ற பசங்க, படு சுறுசுறுப்பு. ஆனா நாங்க அந்த வயசுல பண்ண அதே தப்பை இவங்களும் அச்சு மாறாம பண்றாங்க. ஸ்பெல்லிங், படத்துல கோடு கோணல் இதெல்லாம் விட்டுடலாம், எழுத எழுத சரியாகிடும்.

பகல்ல போட்டோசிந்தசிஸ், ராத்திரி ரெஸ்பிரேஷன்

இதைப் பார்த்தா எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வரும். பகல்ல வெளிச்சத்தை வெச்சு சாப்பாடு தயாரிக்கிற போட்டோசிந்தசிஸ், ராத்திரி அந்த சாப்பாட்டை உடைச்சு எனர்ஜி எடுக்குற ரெஸ்பிரேஷன்னு, செடி ஷிஃப்ட் மாத்தி வேலை பாக்குற மாதிரி எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணிடுறாங்க. கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வர்ற ஒரு பொண்ணு, "மிஸ், ராத்திரி புளியமரத்தடில படுக்காதன்னு பாட்டி சொல்வாங்களே, அப்ப மரம் ராத்திரிதான சுவாசிக்குது?"ன்னு கேட்டா. அப்ப பகல்ல அந்த மரத்துக்கு எனர்ஜி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டேன், சத்தமே இல்ல.

ஒரு செல் உசிரோட இருக்கணும்னா அதுக்கு ஏடிபி, அதாவது செல் செலவழிக்கிற எனர்ஜி சரக்கு, வந்துக்கிட்டே இருக்கணும், குளுக்கோஸை உடைச்சு அதுல பெரும்பங்கை எடுக்குறது செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாங்கிற குட்டி உறுப்புலதான், அது செடி செல்லுலயும் இருக்கு, 24 மணி நேரமும் வேலை செய்யுது. பகல்ல நல்ல வெளிச்சத்துல போட்டோசிந்தசிஸ் ரொம்ப வேகமா நடக்குறதால, ரெஸ்பிரேஷன்ல வர்ற கார்பன் டை ஆக்சைடை இலையே உள்ளுக்குள்ள எடுத்துக்குது, நமக்கு வெளிய வர்ற ஆக்சிஜன் மட்டும்தான் தெரியுது. வெளிச்சத்துல செடி காத்தை நல்லதாக்குது, இருட்டுல கெடுக்குதுன்னு 1779லயே இங்கன்ஹவுஸ்ங்கிற விஞ்ஞானி காட்டினார், ஆனா அது வெளிய தெரியுற கணக்கு. வேருக்கு வெளிச்சமே படாது, பகல்லயும் அதுக்கு ஆக்சிஜன் வேணும். தொட்டில தண்ணி தேங்கினா செடி சாகுறதுக்கு முக்கிய காரணமே வேருக்கு அது கிடைக்காம போறதுதான்.

நம்பலன்னா செஞ்சு பாருங்க. வெத்தலைக்கடை சுண்ணாம்பை தண்ணில கரைச்சு தெளிய விட்டு, மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஒரு சின்ன கிண்ணத்துல எடுத்துக்கோங்க. பெரிய பாட்டில்ல முளைகட்டின பச்சைப்பயறு, பக்கத்துல அந்தக் கிண்ணம், மூடி இறுக்கம். வேகவெச்ச பயறு போட்டு இன்னொரு பாட்டிலும் இதே மாதிரி. காலைல வெச்சீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள முளைப்பயறு பாட்டில்ல இருக்கிற சுண்ணாம்புத் தண்ணி பால் மாதிரி கலங்கும், மேல வெள்ளை ஏடு படியும், வெந்த பயறுல அந்த அளவுக்கு வராது. சுண்ணாம்புத் தண்ணியைக் கலங்க வெக்கிறது கார்பன் டை ஆக்சைடு, பட்டப்பகல்ல நடந்த ரெஸ்பிரேஷன் அது. சுண்ணாம்பு கண்ணுல படாம பாத்துக்கோங்க.

இதை விட்டுட்டுப் போனா பதினொன்னாவதுல தாவர சுவாசம்னு தனி பாடமே வரும்போது முழிக்கணும். நீட்ல 720க்கு 360 மார்க் பயாலஜி, ஒரு தப்பு பதிலுக்கு வர வேண்டிய 4 போறதோட மைனஸ் 1 வேற.

ஆர்ட்டரின்னாலே ஆக்சிஜன் ரத்தம்

இல்ல. இதயத்துலேர்ந்து வெளிய கொண்டுபோற குழாய் எல்லாமே ஆர்ட்டரி. நுரையீரலுக்குப் போற பல்மனரி ஆர்ட்டரில ஆக்சிஜன் கம்மியான ரத்தம்தான் ஓடுது, அங்கேர்ந்து திரும்பி வர்ற பல்மனரி வெயின்ல ஆக்சிஜன் நிறைஞ்ச ரத்தம்.

நீல ரத்தம்

ஆக்சிஜன் கம்மியான ரத்தம் நீலம் கிடையாது, கருஞ்சிவப்பு. புத்தகத்துல நீலம் அடிச்சிருக்கிறது அடையாளத்துக்கு.

யூரியா தயாராகுறது கிட்னில

லிவர்ல. கிட்னி வடிகட்டி வெளிய அனுப்புது.