மதுரையிலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு: வைஃபை வேலையை இங்கேயே தொடங்குங்கள்

எங்கள் ஆனையூரிலிருந்து இந்த மாதம் இன்னொரு தம்பி சிங்கப்பூர் கிளம்புகிறான். நேற்று வீட்டுக்கு வந்து, "அண்ணே, அங்க போனதும் நெட்டுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டான். அங்கே போய்ச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், முக்கால்வாசி வேலை இங்கே இருக்கும்போதே முடிக்க வேண்டியது என்று சொன்னேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். முதல்முறை விமானம் ஏறுகிற எல்லாருக்கும் இது உதவும்.

முதலில், இந்திய நம்பர்

நான் முதல்முறை போனபோது செய்த பெரிய தவறு இதுதான். சர்வதேச ரோமிங்கை, அதாவது நம் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதியை, இயக்காமலே கிளம்பிவிட்டேன். அங்கே இறங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்ப பேங்க் ஆப்பைத் திறந்தால் ஓடிபி கேட்டது. ரோமிங் இல்லாததால் ஓடிபி வரவில்லை. சரி, ரோமிங்கை இயக்கலாம் என்று போனால் அதற்கும் அதே நம்பருக்கு ஓடிபி! இரண்டு மாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்ப இன்னொருத்தர் கையை எதிர்பார்த்து நின்றேன். அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பிலோ கடையிலோ சர்வதேச ரோமிங்கை இயக்கிவிடுங்கள். பிறகு போன் செட்டிங்ஸில் 'டேட்டா ரோமிங்' என்பதை மட்டும் அணைத்து வையுங்கள். அதை அணைத்தாலும் குறுஞ்செய்தி வரும். டேட்டாவுக்குக் காசு பறிபோகாது. ஆனால் அந்த நம்பருக்கு வரும் சாதாரண அழைப்பை அங்கே எடுத்தால் கட்டணம் உண்டு. ரீசார்ஜ் முடியும் தேதியைத் தம்பியிடமோ தங்கச்சியிடமோ சொல்லி வையுங்கள். நம்பர் செத்துப்போனால் அதோடு பேங்கும் போச்சு.

வாட்ஸ்அப் நம்பரை மாற்ற வேண்டியதில்லை. இந்திய நம்பரில் போட்ட வாட்ஸ்அப் எந்த நாட்டு வைஃபையிலும் அப்படியே ஓடும்.

அடுத்து, போனில் *#06# அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எண்ணோடு 'இஐடி' என்று 32 இலக்க எண் ஒன்றும் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், ஏற்கும். அந்த ஊர் நம்பரை இ-சிம்மாக வாங்கிக்கொண்டு, இந்திய சிம்மைக் கழற்றாமலே வைத்திருக்கலாம்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனால் ஒரு டிராவல் அடாப்டர் வாங்கிவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் மூன்றிலும் செவ்வகமான மூன்று பின் உள்ள பிளக்தான். நம்முடைய உருண்டைப் பின் அதில் ஏறாது. மின்சாரம் ஏறக்குறைய நம் ஊர் அளவேதான், அதனால் பின்னின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை.

இறங்கிய உடனே

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. ஊருக்குள்ளும் 2006-லிருந்து 'வயர்லெஸ்@எஸ்ஜி' என்ற இலவச இணைப்பு பல பொது இடங்களில் இருக்கிறது. வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்குச் சொல்ல இது போதும். பேங்க் வேலையை மட்டும் பொது வைஃபையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரூமுக்கு எந்த இணைப்பு?

வாடகை பேசும்போதே "வைஃபை சேர்த்தா?" என்று கேளுங்கள். சேர்த்து என்றால் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். இல்லையென்றால் இரண்டு வழி. ஃபைபர் இணைப்பு வேகமானது, ஆனால் சிங்கப்பூரில் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம் கேட்பார்கள், வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். ஒரு வருஷத்தில் ரூம் மாறக்கூடியவருக்கு அது சுமை. சிம் போட்டு ஓடும் சின்ன ரூட்டர்தான் நல்லது. கரண்ட் கொடுத்தால் போதும், ரூம் மாறினால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். நாலு பேர் பங்கு போட்டால் செலவும் கையைக் கடிக்காது. மாதத்துக்கு எத்தனை ஜிபி என்பதை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூட்டரை அமைப்பது

பயப்பட ஒன்றுமில்லை, கால் மணி நேர வேலை. ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல ஒரு முகவரி, உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டு எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். முதல் காரியமாக அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் அந்த வைஃபையில் சேர்ந்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பிரவுசரில் அந்த முகவரியை அடியுங்கள். டேட்டாவை அணைக்காவிட்டால் சில போன்களில் பக்கம் திறக்காது. புதிதாகச் செய்கிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே போனதும் மூன்று மாற்றம் செய்யுங்கள். வைஃபை பெயரில் உங்கள் பெயரோ ரூம் நம்பரோ வேண்டாம். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 (WPA3), அது இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2 (WPA2) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. சேமித்த உடனே இணைப்பு அறுந்துபோகும். கெட்டுப்போகவில்லை, புதுப் பெயரில் மறுபடி சேர வேண்டும், அவ்வளவுதான்.

போனின் வைஃபை பட்டியலில் ஒரே ரூட்டருக்கு இரண்டு பெயர் தெரிந்தால் குழம்ப வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். ரூட்டர் இருக்கும் ரூமிலேயே நீங்களும் இருந்தால் 5-ல் சேருங்கள்.

வீட்டுப் பக்கம்தான் முக்கியம்

அங்கே என்ன வேகம் இருந்தாலும், மதுரையில் அம்மா வீட்டில் வைஃபை சரியில்லை என்றால் வீடியோவில் முகம் தெரியாது. ஒரு வருஷம் முழுக்க "நீ பேசுறது கேக்கல தம்பி" என்றுதான் அம்மா சொன்னார். என் ரூட்டரைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். லீவில் வந்து பார்த்தால், ரூட்டர் அழுக்காகக்கூடாது என்று ஷோகேஸுக்குள் எவர்சில்வர் பானைகளுக்குப் பின்னால் வைத்து, கண்ணாடியையும் சாத்தியிருந்தார். பக்கத்திலேயே இரும்பு பீரோ. அலை இரும்பைத் தாண்டாது. பட்டாசாலையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து, திறந்த இடத்தில் மாட்டினேன். அன்று சாயங்காலமே அடுப்படியில் நின்றுகொண்டு அம்மா வீடியோவில் பேசினார்.

இன்னொன்று, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள். சில மணி நேரம் தாங்கும். ஃபைபர் வரும் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும், இல்லாவிட்டால் ரூட்டர் எரிந்தும் நெட் வராது.

துபாய் போகிறவர்களுக்கு

அங்கே வாட்ஸ்அப் செய்தி போகும், பேச்சும் வீடியோவும் போகாது. போடிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்பைக் கிளம்பும் முன்பே அம்மா போனிலும் ஏற்றிப் பழக்கிவிடுங்கள். விபிஎன் (நெட்டில் நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் ஆப்) போட்டுப் பேசலாம் என்று ரூமில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குற்றத்துக்காகவோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை அபராதம் என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 சட்டம் சொல்கிறது. குடும்பத்துக்காக உழைக்கப் போகிறவர் எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை அது.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று

சித்திரையில் இது எல்லாரும் கேட்பது. விடியற்காலை ஆற்றங்கரையில் நின்று மொபைல் டேட்டாவில் காட்டச் சொல்லாதீர்கள். லட்சக்கணக்கான போன்கள் அதே நாலைந்து டவரைப் பிடித்து இழுக்கும்போது படம் நின்று நின்றுதான் வரும். எங்கள் சித்தி வீடு ஆழ்வார்புரத்தில். முந்தின நாளே ரூட்டரை மொட்டைமாடிக் கதவுப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லிவிடுவேன். அங்கிருந்து சித்தி வைஃபையில் போனைத் தூக்கிப் பிடிப்பார். இங்கே ஆறு மணி என்றால் சிங்கப்பூரில் எட்டரை. வேலைக்குப் போகும் வழியில், ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, தங்கக் குதிரையில் அழகர் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.