சிறிய தொண்டு நிறுவனமும் போட்டியிட முடிகிற டெண்டரை எழுதுவது எப்படி

இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் போதை மீட்பு, பாலியல் நலம் போன்ற பொதுச் சுகாதாரச் சேவைகளுக்குக் கவுன்சில்கள்தான் (உள்ளாட்சி மன்றங்கள்) ஒப்பந்தம் போடுகின்றன. உள்ளூர் மக்களையும் அவர்கள் மொழியையும் அறிந்த சிறிய தொண்டு நிறுவனங்கள் இதில் அடிக்கடி வெளியே நிற்கின்றன. வேலை தெரியாததால் அல்ல, அறிவிப்பு வெளிவரும் முன்பே நிபந்தனைகள் பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றபடி எழுதப்பட்டுவிடுவதால். கவுன்சிலில் அதை எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது.

முதலில், போட்டி தேவையா என்று பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 'புரொவைடர் செலக்‌ஷன் ரெஜீம்' என்ற, சுகாதாரச் சேவை நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளின்படி, ஒரு சுகாதாரச் சேவையை இப்போது நடத்துபவர் நன்றாகச் செய்கிறார், இனியும் செய்வார், புதிய ஒப்பந்தமும் பெரிதாக மாறவில்லை என்றால் டெண்டர் இல்லாமலே தொடரலாம். போட்டி வைத்தாலும் தரம், மதிப்பு, ஒருங்கிணைப்பு, ஏற்றத்தாழ்வைக் குறைப்பது, சமூகப் பயன் என்ற ஐந்தையும் பார்த்தாக வேண்டும். விலைக்கே பெரும்பங்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு மற்றதைப் பேருக்கு வைப்பது சரியில்லை.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். மாவட்டம் முழுக்கப் போதை மீட்பு, குடும்ப ஆதரவு, சிறைவிடுப்புக்குப் பிந்தைய உதவி என்று ஒரே ஒப்பந்தமாகப் போட்டால், முன்பு சேவையை நடத்தியவரின் ஊழியர்களையும் அவர்களின் ஓய்வூதியப் பொறுப்பையும் சேர்த்து ஏற்க எந்தச் சிறிய அறக்கட்டளையாலும் முடியாது. பிரித்துப் போடுங்கள்.

காப்பீட்டை ஒப்பந்தம் கிடைத்த பிறகு எடுத்தால் போதும் என்று எழுதுங்கள். சட்டப்படி தணிக்கை தேவைப்படாதவர்களிடம் தணிக்கை செய்த கணக்கைக் கேட்காதீர்கள். 2025 பிப்ரவரி 24 முதல் அமலில் உள்ள பொதுக் கொள்முதல் சட்டம் இவை இரண்டையும் தன் வரம்புக்குள் ஏற்கனவே தடுக்கிறது, அதற்கு வெளியே உள்ள சுகாதாரச் சேவைகளிலும் இதே வழக்கம் இருக்கட்டும். பணத்தைச் சேவையின் பலன் தெரிந்த பிறகுதான் தருவேன் என்றால் கையிருப்பு இல்லாதவர்கள் சம்பளமே கொடுக்க முடியாது, அதனால் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுங்கள்.

அப்புறம், பெரிய நிறுவனம் விண்ணப்பத்தில் சிறியவர்களின் பெயரைக் காட்டி வென்றுவிட்டு, பிறகு உதவி தேடி வருபவர்களில் ஒருவரைக்கூட அந்தச் சிறியவர்களிடம் அனுப்பாமல் விடுவது எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கும் விஷயம். துணை ஒப்பந்தக்காரரின் பங்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் போய்ச் சேர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், ஒவ்வொரு காலாண்டும் அவர்களிடமே நேரில் கேளுங்கள்.

தொண்டு நிறுவன நண்பர்களே, மேலே சொன்ன 'ரெஜீம்' விதிகளின் கீழ் நடக்கும் போட்டியில் முடிவு அறிவிப்பு வந்தால், எழுத்தில் ஆட்சேபிக்க 8 வேலை நாட்கள்தான் இருக்கின்றன. அறிவிப்பு வந்த அன்றே நிர்வாகக் குழுவைக் கூட்டிவிடுங்கள்.